கரண்டு அடுப்போடு வந்த புத்தகம்

“அடுப்புக் கதவ அடைக்கச் சொன்னது ஆரு, நானா?”

“நீங்கதான மாமி சொன்னிய. மாப்ள வீட்டாளுவ இருக்கற எடத்துக்குப் பொகை போவக் கூடாதுன்னு.”

“பொகை போவக் கூடாதுன்னேன். மீனைக் கரியாக்கச் சொன்னேனா? இனிமே இந்தப் பக்கம் வராத.”

மேலப்பாளையத்தில் ஜமீலா பீவியின் குரல் நாலு வீடு தாண்டும். வாசல்களில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே அனுப்பினார்கள். அடுக்களையில் சபீதா வலது கையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தபடி நின்றாள். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வெந்து வெளுத்திருந்தன.

சபீதாவும் பீடி சுற்றுகிறவள்தான். விசேஷ நாட்களில் ஜமீலா பீவி வீட்டில் சமையல். அன்றைக்கு ஜமீலா பீவியின் மகள் அர்ஷியாவைப் பெண் பார்க்க உடன்குடியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் தாவூது சவூதியில் தம்மாமிலிருந்து கொண்டுவந்து போட்ட, கதவு வைத்த பெட்டிபோன்ற கரண்டு அடுப்பு, இரண்டு வருஷமாகப் பூப்போட்ட துணி போர்த்திச் சும்மா இருந்தது. சம்பந்தி வீட்டார் கண்ணில் அது பட வேண்டாமா? அதில் சீலா மீன் சுட வேண்டும் என்றாள் ஜமீலா பீவி.

சபீதா, தோசைக்கல்லில் செய்கிற வழக்கப்படி, மசாலா தடவிய மீனை வாழை இலையில் பொதிந்து, தட்டு நிறைய எண்ணெய் ஊற்றி, உள்ளே மேலே இருந்த சூட்டுக்கம்பிக்கு ஒட்டினாற்போல் வைத்து, கதவை அடைத்தாள். கம்பி சிவந்தது. இலை காய்ந்து, ஓரம் பற்றி, எண்ணெயும் பிடித்துக்கொண்டது. பதறிக் கதவைத் திறந்தாள். தீ முகத்துக்கு எழுந்தது. ஈரத்துணியால் தட்டை இழுத்தாள். ஈரம் ஆவியாகிக் கையைச் சுட்டது. வந்தவர்கள் கறிச்சோறு தின்றுவிட்டு, சம்பந்தம் பற்றிப் பிடிகொடுக்காமல் போனார்கள். பிறகுதான் இந்தச் சத்தம்.

மறுநாள் அடுப்பைப் பார்க்க வயர்மேன் அசன் மைதீன் வந்தான். ரியாத்தில் நான்கு வருஷம் இருந்து திரும்பியவன்.

“இதுக்கு ஒரு புத்தகம் குடுத்திருப்பாங்களே, மாமி?”

ஜமீலா பீவி கைகால் கழுவி வந்து, பீரோ உச்சியிலிருந்து பச்சைப் பட்டுத்துணிப் பொதியை இறக்கினாள். உள்ளே அரபு எழுத்துப் புத்தகம். எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. அரபு என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் முத்தி, கண்ணில் ஒற்றி, மேலே ஏற்றிவிடுவாள். அசன் மைதீன் பைய வாசித்து அர்த்தம் சொன்னான்.

“மேல்கம்பி எரியயில கதவக் கொஞ்சம் தெறந்து வைக்கணும். இலை, காயிதம் உள்ள வைக்கக் கூடாது. தட்டு கம்பிக்கு நாலு விரக்கட கீழ இருக்கணும். எண்ணெய் லேசாத் தடவுனாப் போதும். தீப்புடிச்சா சுவிச்ச அணைச்சிட்டு, கதவ அடைச்சே வைக்கணும். காஞ்ச துணியாலதான் தட்டத் தொடணும்.”

“இம்புட்டும் இதுலயா இருக்கு?”

“ஆமா மாமி.”

“அப்ப ரெண்டு வருசமா நான் முத்துனது?”

“அதுக்கும் ஏதாவது நன்மை இருக்கும்.”

ஜமீலா பீவி பட்டுத்துணியை மடித்து வைத்துவிட்டு, புத்தகத்தை அடுப்பின் மேலேயே வைத்தாள். ஆனால் சபீதாவைக் கூப்பிட ஆள் அனுப்பவில்லை.

சபீதாவின் கவலை வேறு. விரல் மடங்காமல் பீடி நுனி மடக்க முடியாது. ஒரு வாரம் பீடி வராவிட்டால் பீடிக் கடையில் அவளுக்குச் சுற்ற இலை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அவளும் அவள் உம்மாவும் அந்த இலையில்தான் சாப்பிட்டார்கள். தெருப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாமலே, மாலையில் தங்கள் முறத்திலிருந்து ஆளுக்கு இரண்டு கட்டு எடுத்து அவள் முறத்தில் போட்டார்கள். நாற்பது நாள் அப்படி நடந்தது.

“ஏ பிள்ள, ஒன் கை ஒரு கட்டுக்கு ஒரு மாதிரி சுத்துதே,” என்றார் கடைக்காரர்.

“வெந்த கைல்லா அண்ணாச்சி. அது இஷ்டத்துக்குச் சுத்துது.”

அவர் கட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

அசன் மைதீனும் அந்த நாற்பது நாளும் கரண்டு பார்ப்பதாகச் சொல்லி, களிம்பு டப்பாவோடு சபீதா வீட்டுக்கு வந்துபோனான். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. அதில் அவ்வளவு கோளாறு எப்படி வந்ததென்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பேசிக்கொண்டார்கள்.

உடன்குடி சம்பந்தமே அர்ஷியாவுக்கு அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஜமீலா பீவியே சபீதா வீட்டுப் படியேறினாள்.

“அர்ஷியாவுக்கு எப்படிச் சுடணும்னு ஒருதரம் காட்டிக் குடு, பிள்ள.”

சபீதா போனாள். அசன் மைதீன் சொல்லித் தந்திருந்தபடி, இடது கையால் எண்ணெய் தடவி, தட்டை இறக்கி வைத்து, கதவை ஒருச்சாய்த்துப் பக்கத்திலேயே நின்றாள். மீன் பொன்னாக வந்தது. “புத்தகத்தப் பாத்து நானே சுட்டேன்,” என்று ஜமீலா பீவி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அர்ஷியா உடன்குடிக்குப் போனபோது அடுப்பும் சீர் வேனில் போயிற்று.

அடுத்த வருஷம் அசன் மைதீனுக்கும் சபீதாவுக்கும் நிக்காஹ். இருவரும் தச்சநல்லூருக்குக் குடிபோனார்கள். நிக்காஹுக்கு முந்தின நாள் பீடிக்காரப் பெண்கள் அவளுக்கு மருதாணி வைத்தார்கள். இடது கை நன்றாகச் சிவந்தது. வலது கையில் மூன்று விரல் நுனிகளில் மட்டும் சாயம் பிடிக்கவே இல்லை.

ஜமீலா பீவி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“மருதாணிய நல்லா அரைக்கலட்டி,” என்றாள்.