புல்வெளியில் ஒரு பலகை

"உன் கட்சி அஞ்சு புள்ளி ஏறியிருக்கு. பலகை உன்னுது," என்று நோட்டை மேசையில் போட்டுவிட்டு, ஆர்ரின் சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மார்லிஸ் ஒரு கட்சி, அவள் புருஷன் ஆர்ரின் எதிர்க்கட்சி. அமெரிக்காவின் அயோவாவில் முப்பத்தொரு வருஷமாக ஒரே வீடு, ஒரே புல்வெளி. அதில் தேர்தலுக்கு ஒரு விளம்பரப் பலகைதான் என்பது அவர்களுடைய ஒப்பந்தம். அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் இடைக்காலத் தேர்தல் வரும் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில், 'பொதுவாக எந்தக் கட்சிக்கு ஓட்டு' என்று கேட்கும் கணிப்பை எடுத்து, போன இடைக்காலத் தேர்தலின் செப்டம்பரோடு ஒப்பிடுவார்கள். எந்தக் கட்சி ஏறியதோ அதற்குப் புல்வெளி. மூன்று தடவையாக ஆர்ரினுக்கே வாய்த்தது. இந்த வருஷம் மார்லிஸின் தங்கை ஜோலீன் அக்காவின் கட்சியிலேயே முதல்முறையாக மாவட்டக் குழுவுக்கு நிற்கிறாள். அக்கா வீட்டு வாசலில் தன் பெயர் இல்லையென்றால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தே மார்லிஸுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இப்போது மனசு நிறைந்து நோட்டைப் புரட்டினாள். போன தடவை, ஒன்று பின்தங்கல். இந்தத் தடவை, நான்கு முன்னிலை. அந்த நான்குக்கு அடியில் ரப்பரால் அழித்த தடம் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு பின்தங்கல்.

செய்தித்தாளை எடுத்தாள். இரண்டு எண்ணும் அதில் இருந்தன. நிச்சயம் ஓட்டுப் போடுவோம் என்றவர்களிடம் அவள் கட்சி இரண்டு பின்தங்கல். வாக்காளராகப் பெயர் பதிந்த எல்லோரிடமும் நான்கு முன்னிலை. போன தடவை எடுத்தது நிச்சயம் போடுகிறவர்களின் எண். அதோடு இதை ஒப்பிடுவது தப்பென்று இந்த வீட்டில் பூனைக்கும் தெரியும். ஆர்ரினோ இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியார்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே கண்ணும் கலங்கியது.

வெளியே போனாள். "கணக்கு தப்பு."

"எங்க?"

"எங்கன்னு உனக்குத் தெரியும். நீ பிச்சை போட்டு நான் ஜெயிக்கணுமா?"

ஆர்ரின் சுத்தியலைத் தாழ்த்தினான். "வயசாயிடுச்சு மார்லிஸ். எண்ணெல்லாம் கண்ணுக்கு மங்கலாத் தெரியுது."

"பொய் சொல்லவும் துப்பில்ல உனக்கு."

"சரி, பிடுங்கிடறேன். என் பலகை ஷெட்ல இருக்கு, எடுத்துட்டு வா."

அவள் நகரவில்லை. பாதி இறங்கிய பலகை ஜோலீனின் பெயரோடு இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மார்லிஸ் குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள். முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அடி," என்றாள். "என் விரலைப் பார்த்து."