கத்தி பிடித்த கை உறங்கியபோது

காலை வெயில் சலூன் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. சலூன்காரர் தன் மச்சினனின் முகத்தில் நுரை தடவி, தாடையை நிமிர்த்தி, கத்தியை வைத்தார். புது வேலைக்கு முதல் நாள் போகும் மச்சினன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று பேச்சை நிறுத்தினான்.

"மாமா."

கத்தி நகரவில்லை.

"மாமா, கத்திய எடுங்க."

சலூன்காரருக்கு அந்தக் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் கத்தி மச்சினனின் குரல்வளைக்குப் பக்கத்தில் அழுந்தி நின்றது. நுரை சிவந்துகொண்டிருந்தது. மச்சினன் எச்சில் விழுங்கவும் பயந்து கிடந்தான்.

காயம் சின்னதுதான். படிகாரம் வைத்ததும் ரத்தம் நின்றது. எப்போது தூங்கினோம் என்பதே சலூன்காரருக்குத் தெரியவில்லை. அடுத்து வந்தவர் சாய்ந்து உட்கார்ந்து கழுத்தைக் காட்டினார். "இன்னிக்கு ஷேவிங் இல்லைங்க" என்று சொல்லிச் சலூன்காரர் கடையைச் சாத்தினார்.

மனைவி வேலை பார்க்கும் ஆயுர்வேத மருந்தகத்துக்கு நேராகப் போனார். வைத்தியரம்மா நாடி பிடித்தபடி கேட்டார்.

"எப்ப தூங்குவீங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "பால்காரர் வர்ற வரைக்கும் போன்தான். கேட்டா, இது இரும்பு உடம்பும்பாரு."

"மருந்து அப்புறம் பாக்கலாம். பொழுது சாஞ்சதும் அளவா சாப்பிடுங்க. உள்ளங்கால்ல எண்ணெய் தேச்சுட்டு, போனை ரூமுக்கு வெளிய வெச்சுட்டுப் படுங்க. லீவு நாள்லயும் விடியறதுக்கு முந்தி எழுந்திருங்க. பகல் தூக்கம் கோடைல கொஞ்சம் போதும், மத்த காலத்துல வேணாம்."

அவர் சொன்னபடி படுத்த முதல் நாள்களில் கண்ணை மூடினாலே சிவந்த நுரைதான் தெரிந்தது. வியர்த்து எழுந்து உட்கார்ந்தார். போகப் போக உடம்பு வழிக்கு வந்தது. நேரத்துக்குப் பசித்தது, பகலில் கண் சொருகவில்லை. கத்தியை மறுபடி தொடத்தான் வெகுநாள் ஆயிற்று.

மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளி வேன் டிரைவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கொட்டாவி மேல் கொட்டாவி.

"ரெண்டு நாளா கண்ணே மூடலண்ணே. சீக்கிரம் முடிங்க, பிள்ளைங்க காத்திருக்கும்."

சலூன்காரர் கையில் எடுத்த கத்தியைக் கீழே வைத்தார்.

"முதல்ல வேற டிரைவருக்குப் போன் போடுங்க தம்பி" என்றார். "தூக்கத்த அப்புறம் பாத்துக்கலாம்னு நாம நெனைக்கிறோம். அது காத்திருக்காது. கண்ணு திறந்திருக்கும்போதே வந்து எடுத்துக்கும். அந்த நேரத்துல நம்ம கையில யார் உயிர் இருக்குன்னு பாக்காது. நேரத்துக்குத் தூங்குறது நம்ம சுகத்துக்கு மட்டும் இல்ல, நம்மள நம்பி இருக்கறவங்களுக்கும் நாம செய்ய வேண்டிய கடமை."