கரடியூருக்கு மட்டும் முன்னதாக

எனக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை வரும். மற்ற நேரங்களில் என் கணவனை ஷெர்வின் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அன்று மடிக்கணினியில் அவன் எழுதியிருந்ததைப் பார்த்ததும், "ஏனுங்க, இங்க கொஞ்சம் வர்றீங்களா?" என்றேன். அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தவன் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

ஒண்டிக்கடை என்ற இந்த மலையூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறோம். முன்னறைதான் எங்கள் ஆபீஸ். இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேன் ஒன்று உண்டு. நடக்கச் சிரமப்படும் நோயாளிகளை மலைக் கிராமங்களிலிருந்து ஏற்றி வரும். வேன் நெருங்கும்போது அவர்களுடைய போனுக்குத் தானாக ஓர் அழைப்பு போகும். வண்டி வருகிறது என்று பதிவு செய்த குரல் சொல்லும். அந்த மென்பொருள் எங்களுடையது. ஷெர்வின் எழுதியது, நான் திட்டித் திட்டிச் சரிசெய்வது.

முதலில் நாகலூருக்கு மட்டும்தான் எழுதினான். நன்றாகவே வேலை செய்தது. அடுத்து மஞ்சக்குட்டைக்கும் வேண்டும் என்றார்கள். நாகலூருக்கு எழுதியதை அப்படியே நகலெடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றினான். பிறகு வெள்ளக்கடை, பிறகு கரடியூர். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. உட்கார்ந்து ஒழுங்காக யோசிக்கவும் நேரம் இருக்காது. இப்படியே ஒரே நிரல் ஊருக்கு ஒன்றாகப் பெருகிவிட்டது.

"ஓடீட்டுத்தான இருக்குது, அபி?"

"நான் பின்னாடியே ஓடறதால ஓடுதுங்க."

சும்மா சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் வேன் கிளம்பும் நேரம் மாறியபோது எல்லா நகல்களிலும் திருத்தியவன் மஞ்சக்குட்டையை மட்டும் மறந்துவிட்டான். நான் பார்த்துப் பிடித்தேன். இப்போது எனக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குச் சேலத்தில் அம்மா வீட்டுக்குப் போகப்போகிறேன். நான் இல்லாத நாளில் இவன் ஒரு நகலை மறந்தால், மருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் வண்டியைத் தவறவிடுவார். அந்த நினைப்பே என்னைத் தூங்கவிடவில்லை. கிளம்புவதற்குள் இதை ஷெர்வின் தனியாகச் சமாளிக்கும் அளவுக்குச் சுருக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அழைக்கும் வேலையை ஒரே இடத்தில் எழுதினேன். ஊர்ப் பெயர்களைத் தனியே ஓர் அட்டவணையில் வைத்தேன். நகல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தபோது கரடியூரில் ஓர் எண் இடித்தது. மற்ற ஊர்களில் வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அழைப்பு போகிறது. கரடியூருக்கு மட்டும் முப்பது நிமிடம். அவசரத்தில் தப்பாக அடித்திருப்பான் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம், தொட்டில் வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தவனை எதற்குக் கூப்பிடுவது என்று நானே பத்தாக்கினேன். குரலும் ஊருக்கு ஒன்றாக அவனே பேசிப் பதிந்தது. ஒன்றில் பின்னால் நாய்கூடக் குரைத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தெளிவான பெண் குரல் ஒன்றை வைத்தேன். முக்கால்வாசி நிரல் காணாமல் போயிருந்தது. வீடு முழுக்க ஒட்டடை அடித்து முடித்த நிம்மதி எனக்கு.

அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. அடுத்த முறை வேன் சுற்றிவிட்டு வந்ததும் டிரைவர் ஐயாக்கண்ணு அண்ணன் மாடியேறி வந்தார்.

"ஏனுங்க தம்பி, கரடியூர்க் காமாட்சியம்மா இன்னைக்கி வரலீங்க. ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்தனுங்க. பின்னால பஸ் வந்து நின்னுட்டுது, எடுத்துட்டனுங்க. அப்பறமா அந்தம்மா மழையில ரோட்டோரம் நின்னுட்டு இருந்துச்சுன்னு எஸ்டேட் ஜீப்புக்காரர் சொல்றாருங்க."

காமாட்சியம்மாவுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். அன்று கட்டு மாற்ற வேண்டிய நாள். ஷெர்வின் என்னைப் பார்த்தான்.

"அபி, கரடியூருக்கு அரை மணி நேரம்னு போட்டிருந்தேனே?"

"அது தப்புன்னு நெனச்சேன்."

"தப்பில்ல அபி. அவங்க ஊடு காப்பித் தோட்டத்துக்கு மேல இருக்குது. அந்தக் காலோட எறங்கி வரோணுமில்ல?"

"இதை எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கலாமில்ல?"

"எனக்குத்தான் தெரியுமே, எதுக்கு எழுதறதுன்னு விட்டுட்டேன்."

நன்றாகத் திட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'ஏனுங்க' வரவில்லை, அழுகைதான் வந்தது.

நான் ஸ்கூட்டரில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மறுநாள் வேனிலேயே கரடியூர் போனோம். நான் கீழேயே இருக்கிறேனா என்று ஷெர்வின் கேட்டான். மாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். காமாட்சியம்மா காலை ஒரு மணையின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஷெர்வினைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

"எம்மேல என்ன கோவம் சாமி உனக்கு? எப்பவும் நீதான கூப்புடுவ? மெதுவா வாங்கம்மா, வண்டி நிக்கும்னு சொல்லுவ. நானும் சரி சாமின்னுட்டுப் பையை எடுப்பேன். நேத்து ஆரோ ஒரு புள்ள பேசுச்சு. நீ கூப்புடலியேன்னு உக்காந்தே இருந்துட்டேன். ஆரன் சத்தங் கேட்டுத்தான் எறங்குனேன், அதுக்குள்ள வண்டி போயிருச்சு."

இத்தனை நாளும் ஒரு பதிவுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். அது பதிவு என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

"கோவமெல்லாம் நெனைப்பனுங்களா?" என்றான் ஷெர்வின்.

"தப்பு எம்மேலதானுங்கம்மா. நாந்தான் மாத்திப்புட்டேன்" என்றேன் நான்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "மாசமா இருக்கற புள்ள, இந்த மேட்டுல ஏன் கண்ணு ஏறி வந்த? மொதல்ல உக்காரு. நொம்ப மூச்சு வாங்குது பாரு." எனக்காகக் காலை மடக்கி இடம் விட்டார். புண் வலித்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை.

கட்டு மாற்ற அவரையும் அழைத்துக்கொண்டு இறங்கினோம். அவர் தடியை ஊன்றி நடந்தார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஈரச் சருகு வழுக்கியது. இரண்டு பேரும் ஒரே வேகம்தான். அரை மணி நேரம் என்று ஷெர்வின் போட்டது எவ்வளவு சரி என்று என் கால்களுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும், பழைய நகல்களையே திரும்ப வைத்துவிடலாமா என்று ஷெர்வின் கேட்டான். அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். அழைக்கும் வேலை ஒரே இடத்தில்தான் இருக்கும். ஊருக்கு ஊர் மாறுவது மட்டும் அட்டவணைக்கு வரட்டும்: எவ்வளவு முன்னதாக, யார் குரல், எத்தனை முறை. கூடவே, காரணம் என்று ஒரு கட்டம் சேர்த்தேன். வழக்கத்தை மாற்றினால் காரணம் எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது.

நான் அழித்த ஒவ்வொரு நகலைப் பற்றியும் அவனைக் கேட்டேன். வெள்ளக்கடைப் பெரியசாமி ஐயாவுக்குக் காது மந்தம், அதனால் இரண்டு முறை அழைக்கும். நாகலூர்ப் பார்வதியக்கா அடுத்த வீட்டுப் போனில் பேசுகிறவர், அதனால் முதலில் அவர் பெயரைச் சொல்லும். நான் குப்பை என்று கூட்டித் தள்ளியதில் பாதி என் புருஷனின் அன்பு. மீதிப் பாதி குப்பைதான். அதையும் மறைக்க மாட்டேன்.

"ஏனுங்க, இனிமே ஒரு நகல் எடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, கொழந்தைக்கு உங்க இனிஷியல் கெடையாது" என்றேன். தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அம்மா வீட்டுக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம்தான்.

கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரியில் எனக்குக் கடைசியாக ஒரு பரிசோதனை இருந்தது. வேன் எங்கள் மாடிக்குக் கீழேயே நிற்கும். நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி வேனின் எண். அழைப்புக்கு என் பெயரை நான் பதிந்துகொள்ளவே இல்லை.

"அபி, வண்டி வருது. படியில மெதுவா எறங்கு. வண்டி நிக்கும், நானும் கீழதான் நிக்கறேன்." ஷெர்வினின் குரல். பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

சந்தேகப் பிராணி நான். சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். எங்கே நகலெடுத்து ஒட்டியிருக்கிறான் என்று தேடினேன். எங்கும் இல்லை. நிரலில் ஓர் எழுத்தைக்கூட அவன் தொடவில்லை. அட்டவணையில் மட்டும் புதிதாக ஒரு வரி. ஊர் ஒண்டிக்கடை. முப்பது நிமிடம் முன்னதாக. காரணம் என்ற கட்டத்தில், 'மாடிப்படி. உள்ளே இருவர்' என்று எழுதியிருந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினேன். அவசரமே இல்லை. பேக்கரி வாசலில் என் பையோடு நின்றிருந்தான்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

அவன் முகம் மாறிவிட்டது. "ஏன் அபி, கோவமா?"

"இல்லீங்க" என்றேன்.