மேலே நின்றவர்

பாதாளச் சாக்கடைக் குழுவில் அவருக்கு பெல்ட்டு என்று பெயர். வைத்தவன் அவருடைய சின்ன மச்சினன். குழியின் மூடியில் கை வைப்பதற்கு முன்பே, "பெல்ட் போட்டாச்சா? கொக்கி மாட்டியாச்சா?" என்று அவர் ஆரம்பித்துவிடுவார். "எங்க மாமா குளிக்கப் போனாக்கூட இடுப்புல பெல்ட்டை மாட்டிக்கிட்டு, அக்காவை வெளிய கயித்தைப் பிடிச்சுட்டு நிக்கச் சொல்வாரு" என்று சின்னவன் ஒருநாள் சொல்லப்போக, சிரிப்போடு சிரிப்பாகப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவனுடைய கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அவர் மனைவிக்கு இரண்டு தம்பிகள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, அக்காதான் இருவரையும் ஆளாக்கினாள். வேலையில் சேர்த்துவிட்டது பெல்ட்டு. பெரியவனும் சின்னவனும் குழியில் இறங்குவார்கள். இவர் மேலே நிற்பார். மேலே நிற்பது சும்மா நிற்கிற வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று மீட்டரைக் கயிற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். புளோயரை ஓடவிட்டு நல்ல காற்றைக் குழாய் வழியாக உள்ளே தள்ள வேண்டும். இறங்கியவன் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இதெல்லாம்கூடப் பழகிவிடும். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் பழகாதது. அப்படிக் குதித்துப் போனவர்களின் வீடுகள் சிலவற்றுக்கு அவர் துக்கம் கேட்கப் போயிருக்கிறார்.

அன்றைக்கு அடைத்துக்கொண்டது கிடங்குகளின் பின்பக்கச் சந்தில் இருந்த ஒரு குழி. இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத சுவர். ஆள் நடமாட்டம் கிடையாது. வண்டி உள்ளே வராது என்பதால் ஓட்டுநர் அதைச் சந்து முனையிலேயே நிறுத்தினார். "மூடியை மட்டும் தொறந்து வைங்க. நான் சாமானெல்லாம் எடுத்துட்டு வர்ற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு பெல்ட்டு வண்டிக்குப் போனார்.

மூடியை நெம்பும்போது கம்பி வழுக்கி உள்ளே விழுந்தது. முழுசாக விழுந்திருந்தால் வம்பே இல்லை. ஏணிப்படியில் மாட்டிக்கொண்டு, இதோ எடுத்துக்கொள் என்பதுபோலத் தொங்கியது.

"மாமா வரட்டும்டா" என்றான் பெரியவன்.

"அவரு வந்தா இதுக்கும் பெல்ட் போடச் சொல்வாரு. இந்தா, எடுத்துட்டு வந்துடறேன்."

சின்னவன் சில படிகள்தான் இறங்கினான். குனிந்தான். யாரோ கைகளைப் பிரித்துவிட்டதுபோல அப்படியே விழுந்தான். ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

ஒரு கையில் மீட்டரும் மறு கையில் புளோயர் வண்டியுமாக பெல்ட்டு திரும்பி வந்தபோது, பெரியவன் இடுப்பு வரை குழிக்குள் இருந்தான். என்ன நடந்திருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புளோயரை விட்டார், மீட்டரை எறிந்தார், ஓடிவந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மேலே விழுந்து அமுக்கினார். சந்து முனையைப் பார்த்து, "தீயணைப்புக்குப் போன் பண்ணு! ரோட்டுல நின்னு வழி காட்டு!" என்று கத்தினார். ஓட்டுநர் ஓடினார். அவரை இங்கே கூப்பிட்டிருக்கலாமே என்பது பிறகுதான் தோன்றியது.

பெரியவன் உதைத்தான். கடித்தான். "விடுங்க மாமா, உங்க காலைப் பிடிக்கறேன், விடுங்க! கூப்பிடறான் மாமா, எனக்குக் கேக்குது!" என்று கதறினான். அவர் விடவில்லை. அவனுடைய தோள்மூட்டு விலகியது அவர் கைக்குத் தெரிந்தது. அப்போதும் விடவில்லை. கொஞ்சம் தள்ளி புளோயர் கவிழ்ந்து கிடந்தது. அவருக்கு இருந்தது இரண்டு கை. இரண்டும் பெரியவன் மேல் இருந்தன.

தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று உருளையோடு இறங்கி சின்னவனைத் தூக்கி வந்தார்கள். முடிந்துபோயிருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகும் பெரியவன் எழுந்திருக்கவில்லை. கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "அவன் கூப்பிட்டான்ல?" அந்தக் காற்றைச் சுவாசித்தவன் கூப்பிட முடியாது என்றார் அதிகாரி. அதிர்ச்சியில் காது அப்படித்தான் ஏமாற்றும் என்றார் டாக்டர். "உங்களுக்குப் பிரமைங்க" என்றாள் அவன் மனைவி. ஒவ்வொருவரும் ஆறுதலாகச் சொல்லச் சொல்ல அவன் இன்னும் உள்ளுக்குள் போனான்.

ஒரு மத்தியானம் அவன் மனைவி பெல்ட்டு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, ஊர்ல எல்லாரையும் கேக்கறாரு. உங்களைத்தான் கேக்கல. உங்ககிட்ட கேக்க பயப்படறாரு போல. ஒரு தடவை வந்து, அதெல்லாம் ஒண்ணுமில்லடான்னு சொல்லிடுங்க."

பெல்ட்டு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரியவன் அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மாமா. கூப்பிட்டானா இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை.

"கேட்டுது மாப்ள. எனக்கும் கேட்டுது."

"என்ன கேட்டுது?"

"பேச்சு இல்ல. மூச்சு. குறட்டை மாதிரி. நினைவு தப்பினா வருமே, அது. கொஞ்ச நேரம் இருந்துது. அப்புறம் நின்னுடுச்சு."

பெரியவனின் வாய் கோணியது. தம்பி போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. "எனக்குப் பைத்தியம்னு நெனச்சேன் மாமா. எல்லாரும் சேந்து என்னைப் பைத்தியமாக்கிட்டீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பெல்ட்டு அவன் முழங்காலில் கை வைத்தபடி இருந்தார். இத்தோடு போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். போகவில்லை. பெரியவன் அழுகையை நிறுத்தித் தலையை நிமிர்த்தினான்.

"மூச்சு இருந்துதுன்னா... புளோயர் பக்கத்துலதானே கெடந்துச்சு. நான் மட்டும் உங்களை அந்த உதை உதைக்காம சும்மா இருந்திருந்தா, அதை ஓடவிட்டிருப்பீங்கல்ல?"

இந்தக் கேள்வி எப்போது வருமோ என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். காற்று உள்ளே போயிருந்தால் சின்னவன் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைத்திருக்கவும் கூடும்.

"இல்ல" என்றார்.

"ஏன்?"

"அதுல பெட்ரோல் இல்ல மாப்ள. காலையில ஊத்த மறந்துட்டேன்."

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குப் புரிந்தது.

பெரியவன் அவரை வெறித்துப் பார்த்தான். பிறகு நல்ல கையை ஊன்றி எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"வெளிய போங்க."

அன்றைக்கு அவன் தட்டில் வைத்த சோற்றை முழுவதும் சாப்பிட்டதாகவும், படுத்தவுடன் தூங்கிவிட்டதாகவும் அவன் மனைவி பெல்ட்டின் மனைவியிடம் போனில் சொன்னாள். "அண்ணா என்ன மாயம் பண்ணாங்க, அண்ணி?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் மாறியது. "ஆனா இனிமே உங்க வீட்டுப் படி ஏற மாட்டேங்கறாரு. என்னையும் போகக் கூடாதுங்கறாரு."

பெல்ட்டின் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கியவர் ஓட்டுநர். கொதித்துக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ், அன்னைக்குக் காலையில நான் புனல் பிடிக்க, நீதான்யா ஊத்துன! டாங்க் நெறஞ்சு வழிஞ்சுது. இப்ப அவன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான், மாமா பெட்ரோல் ஊத்தாம என் தம்பியைக் கொன்னுட்டாருன்னு. நான் போய் நாலு பேர் முன்னாடி உண்மையைச் சொல்லப் போறேன்."

"சொல்லாதே" என்றார் பெல்ட்டு.

"ஏன்யா?"

"தன்னாலதான் தம்பி போனான்னு தெரிஞ்சா அவன் இருக்க மாட்டான். என் மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும். கோவத்தோட மனுஷன் உயிரோட இருக்கலாம்."

ஓட்டுநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரிய்யா, சொல்லல" என்றுவிட்டுப் போனார். அடுப்படிக் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்போ எனக்குப் பெரியவனும் இல்லைன்னு ஆயிடுச்சு."

"உயிரோட இருக்கான்ல."

"இருக்கான். நான் பார்க்க முடியாது." முகத்தைத் துடைத்தாள். "சரி, நானும் சொல்லல. வாங்க, வந்து சாப்பிடுங்க." அவருக்குப் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் பாத்திரங்களை எடுத்து வைத்தாள்.

தோள் சேர்ந்ததும் பெரியவன் வேலைக்கு வந்தான். மேலே நிற்கும் வேலையிலிருந்து மாமாவை யாரும் எழுத்தில் நீக்கவில்லை. ஆட்களே அவர் கையில் இருந்த மீட்டரை வாங்கிக்கொண்டார்கள், ஒருவரும் முகத்தைப் பார்க்காமல். அந்த இடத்தில் இப்போது பெரியவன் நிற்கிறான். இவருக்குச் சாலையில் தடுப்புக் கூம்பு வைக்கிற வேலை.

வண்டி நின்றதும் யாராவது ஒருவர் புளோயரின் டாங்க் மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்க்கிறார்கள். இன்னொருவர் மறுபடியும் பார்க்கிறார். குழியின் மூடியைத் தொடுவதற்கு முன்பே புளோயர் ஓடுகிறது. பெல்ட் போடாமல் யாரும் குழியோரம் போவதில்லை. முன்பு அவர் தொண்டை வறளக் கத்தியும் பாதிதான் நடக்கும். அவரை நம்ப முடியாது என்று ஆன பிறகு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டு கூம்புகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சில நாள் அதை நினைத்து அவருக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கிறது.

நேற்று ஒருவன் அவசரத்தில் கொக்கி மாட்டாமல் படியில் கால் வைத்துவிட்டான்.

"மேல ஏறுடா!" என்று பெரியவன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் ஏறி வந்து கொக்கியை மாட்டும் வரை பெரியவன் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்தான். கூம்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்ற மாமாவின் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெல்ட்டு கூம்பைச் சாலையில் வைத்தார். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி அதை ஓரமாகப் போகச் சொன்னார்.