இருநூறாவது பறவை

பெண் கேட்கப் போகிறவன் பெண் வீட்டுக்குப் போவான். நான் கொசுக்கடி தின்ன நகரத்துக்கு வெளியே ஒரு சதுப்பு நிலத்துக்குப் போனேன், அதுவும் விடுமுறை நாளில். என் காதலியின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பறவை பார்க்கிறவர். பறவை கிடைக்காத நேரத்தில் மனிதர்களையும் பார்ப்பார்.

“அப்பா என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லு. இன்னைக்கே சம்மதம் வாங்கிட்டு வா” என்று முந்தின நாளே பாடம் நடத்தியிருந்தாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அவருடைய நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கூட வந்தவரும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டால்தான் பறவை அன்றைய பட்டியலில் ஏறும். மதியத்துக்குள் பதினொரு கையெழுத்துப் போட்டிருந்தேன். நிஜமாகப் பார்த்தது இரண்டு. அதில் ஒன்று காகம்.

திடீரென்று என் தோளைப் பிடித்தார். “தம்பி, அசையாதீங்க. அந்த நாணல் பக்கத்துல, கருநாரை! என் கணக்குல இருநூறாவது புதுப் பறவை. முப்பது வருஷமா தேடறேன்.”

தொலைநோக்கியில் பார்த்தேன். கருநாரைதான், மரத்தில் செய்து பெயிண்ட் அடித்தது. கழுத்தில் ஆணி. நிஜப் பறவைகள் பயமில்லாமல் வந்து இறங்கட்டும் என்று சரணாலயத்துக்காரர்கள் நட்டுவைத்த பொம்மை. அதன் தலையில் உட்கார்ந்து ஒரு நீர்க்காகம் சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் அங்கேயே பதுங்கி உட்கார்ந்திருந்தோம். “என்ன பொறுமை பாருங்க. அரை மணி நேரமா ஆடலை, அசங்கலை.”

கண்ணாடிக் கடையில் தினமும் நாற்பது பேருக்குக் கண் சோதிக்கிறவன் நான். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அவர் மகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. “ஆமா சார், என்ன கம்பீரம்!” என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கண் கலங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது சரணாலயக் காவலர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். கருநாரையின் கழுத்தைப் பிடித்துப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். “பெயிண்ட் உரிஞ்சு போச்சு சார்” என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

தலைமையாசிரியர் தொலைநோக்கியை மெல்ல இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கண்ணு டெஸ்ட் பண்றவர்தானே? பொண்ணைக் குடுத்தா, வீடு பத்தி எரிஞ்சாலும் ‘ஆமா சார், நல்ல வெளிச்சம்’னு சொல்வீங்க போல.”

என் பன்னிரண்டு கையெழுத்துகளையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். கல்யாணத்தையும் சேர்த்தே அடிக்கிறார் என்று புரிந்தது.

திரும்பும் வழியில் கை நீட்டினார். “அதோ, கொக்கு.”

பழக்கதோஷத்தில் என் வாய் ‘ஆ’ வரைக்கும் போய்விட்டது. இழுத்துப் பிடித்தேன்.

“இல்ல சார். பிளாஸ்டிக் பை.”

“நிஜமாவா?”

“நிஜமா. முள்ளுல மாட்டியிருக்கு. உங்க வலது கண்ணுல புரை வளர்ந்திருக்கு சார். காலையிலேயே கவனிச்சேன். சொல்லப் பயம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பையையே பார்த்தார்.

“திங்கக்கிழமை கடைக்கு வரேன். கண்ணைப் பாருங்க. பொண்ணு பேச்சு அப்புறம்” என்றார். “பார்வை தெளிஞ்சு உங்களையும் ஒருதரம் சரியாப் பாக்கணும்ல.”