ஐம்பத்தோராம் வாரத்து வியாழக்கிழமை

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. கையிலுள்ள வேலையைக் கீழே வைக்க வேண்டாம், காதை மட்டும் கொடுத்தால் போதும். பிளம் பழத்துக்குக் கொட்டை எடுக்கும் ஓர் இயந்திரத்தையும், அந்தக் கொட்டையைவிடக் கெட்டியான ஒரு தப்புக் கணக்கையும் பற்றிச் சொல்லப்போகிறேன். யாரும் அழ மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

எங்கள் சாச்சாக் ஊர்ப் பட்டறையில் நெவேனா எட்டு வருடமாக இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டு வந்தாள். அவள் போட்ட கோடு மயிரிழைகூடப் பிசகாது. பிசகாமல் இருந்து என்ன பயன்? ஓர் இயந்திரமாவது சொன்ன தேதியில் வாசலைத் தாண்டியதில்லை. அதனால்தான் மாலை வகுப்பில் சேர்ந்து, ஒரு வேலையைத் திட்டம் போட்டு முடிவு வரை நடத்தும் வித்தையைப் படித்தாள். எது முடிந்தால் எது தொடங்கும், எது சுணங்கினால் எல்லாமே சுணங்கும், எதற்கு மூச்சுவிட இடம் உண்டு என்று தினமும் பாடம்.

முதலாளி மிரோல்யூப் ஒரு நாள் சொல்லிவிட்டார்: "இந்தக் கொட்டை மெஷின உன் படிப்பு வச்சே நடத்திக் காட்டு. வெள்ளிக்கெழமை மத்தியானம் லாரி கெளம்பிச்சுன்னா, இனிமே எல்லா வேலையும் உன் கையில. கெளம்பலையா, பழையபடி பென்சிலச் சீவிட்டு உக்காரு."

நெவேனா ஒவ்வொருவரிடமும் போய் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, ஒரு சுவர் முழுக்கத் திட்டத்தை ஒட்டினாள். வாங்குகிறவர்கள் வெளிநாட்டார். தேதி சொல்ல மாட்டார்கள், வருடத்தின் இத்தனையாவது வாரம் என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படியே எழுதினாள். 'ஐம்பத்தோராம் வாரம், வியாழன் மாலை: சோதனை ஓட்டம்.' பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா!

அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலை அவள் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கெண்டை மீன் எத்தன கிலோடி சொல்லட்டும்?"

"எதுக்கும்மா?"

அம்மாவின் குரல் உயர்ந்தது.

"எதுக்கா? வியாழக்கெழம தேதி பத்தொம்பது. புனித நிக்கோலா நாள்! முப்பது வருஷமா நீ யார் வீட்டு ஸ்லாவாவுல சாப்பிட்டு வளந்த?"

நெவேனாவுக்குக் காது இரண்டும் சுட்டுவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர்; அவர் நாள்தான் அந்த வீட்டு ஸ்லாவா. அன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, கூப்பிடாமலே வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். எவனும் ஸ்பானரைத் தொட மாட்டான். அதிலும் பாதி ஊருக்கு நிக்கோலாதான். பட்டறையில் மேஸ்திரி க்வோஸ்தெனுக்கும் அவரே, உருளை கடைகிற ரதோயேவுக்கும் அவரே. பத்தொன்பது என்று எழுதியிருந்தால் கை தானாக நின்றிருக்கும். ஐம்பத்தொன்று என்று எழுதினால் எந்தப் புனிதருக்குத் தெரியும்?

பட்டறைக்கு ஓடினாள்.

"க்வோஸ்தென் அண்ணே, வியாழக்கெழம சோதனை ஓட்டம்னு போட்டுட்டேன்!"

மேஸ்திரி காப்பியை ஊதிக்கொண்டே பார்த்தார். "பாத்தோமே. உனக்கும் நிக்கோலாதான, வேணும்னே கிண்டலுக்குப் போட்டிருக்கன்னு நெனச்சோம்."

"அய்யோ! இப்ப என்னண்ணே பண்றது?"

"என்ன பண்றது? மெஷின மாட்டுறதுக்கு மூணு நாளுன்னு சொன்னேன்ல, ரெண்டு நாளே தாராளம். ஒரு நாள ஸ்லாவாவுக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தேன்."

"உருளை நாளைக்குத்தானே வருது?"

மூலையிலிருந்து ரதோயே தலையைச் சொறிந்தார். "அது சனிக்கெழமையே முடிஞ்சிருச்சு பாப்பா. தார்ப்பாய்க்கு அடியில கெடக்கு. நானும் ஒரு நாள் ஒளிச்சேன். சீக்கிரம் குடுத்தா உன் காயிதம் கெட்டுப்போயிடுமேன்னு..."

நெவேனாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பட்டறையில் எல்லாரும் ஆளுக்கொரு நாள் பதுக்கியிருக்கிறார்கள். பதுக்காதவள் திட்டம் போட்டவள் ஒருத்திதான்!

ஒளித்த நாட்களையெல்லாம் வெளியே எடுத்து, சுவரில் சீட்டுகளை மாற்றி மாற்றி ஒட்டினாள். புதன் மாலைக்குள் இயந்திரம் நிற்கும், வெள்ளி காலை ஓட்டம், மதியம் லாரி. அப்போது க்வோஸ்தென் ஒரு சீட்டில் விரலை வைத்தார்.

"பழம் எப்ப வருது?"

"ஓட்டத்தன்னைக்குக் காலையில. குளிர்கிடங்குல சொல்லிட்டேன்."

"ஏம்மா, மார்கழிக் குளிருல பழம் கல்லா வரும். அதப் போட்டா கத்தி பூரா போயிடும். இளகவே ஒரு நாள் வேணுமே."

அந்த ஒரு நாளை யாருமே எழுதவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. நெவேனா சுவரையே பார்த்தாள். வியாழன் வெறுமையாக இருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது.

"பழம் புதன் ராத்திரியே வரட்டும். வியாழக்கெழம நாம யாரும் வேல செய்ய வேண்டாம், பழம் மட்டும் செய்யட்டும்!"

"கூடைய யாரு பெரட்டிப் போடுறது?" என்றார் ரதோயே. "அடியில இருக்கிறது இளகாதே."

அன்று விருந்து வைக்கிறவன் வீட்டை விட்டு நகர முடியாது. பட்டறையில் நிக்கோலா இல்லாத வீடு ஒன்றுதான். நெவேனா சீட்டில் எழுதினாள்: 'கூடை புரட்டல், பதினொன்று, மூன்று, ஏழு மணி: முதலாளி.'

மிரோல்யூப் அதைப் படித்துவிட்டு, "நான் உனக்குச் சம்பளம் குடுக்கிறேனா, நீ எனக்கா?" என்றார். ஆனாலும் புரட்டினார். அன்றைக்கு எல்லார் வீட்டுக்கும் போக வேண்டியவரும் அவரே. கறி கூடாத நோன்புக் காலம் என்பதால் எல்லா வீட்டிலும் மீனும் அவரைக் கொட்டையும்தான். நடுவில் கூடை. நாலாவதாக நெவேனா வீட்டுக்கு வந்தபோது கோட்டுப் பொத்தான் ஒன்றும் மூடவில்லை, சட்டைக் கையெல்லாம் ஊதா நிறம்.

"பழம் எப்படி இருக்கு முதலாளி?" என்றாள் நெவேனா, மீன் தட்டை நீட்டியபடி.

"என்னவிட நல்லா இருக்கு" என்றார் அவர், பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே.

வெள்ளி காலை ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். உருளை சுற்றியது. டக், டக், டக் என்று கொட்டைகள் தகரத் தொட்டியில் ஆலங்கட்டி மழைபோல விழுந்தன. பழத்தில் ஒரு கீறல் இல்லை. மதியம் லாரி கிளம்பியது. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில்! க்வோஸ்தென் தொப்பியைக் கழற்றி அதன் பின்னால் ஆட்டினார்.

முதலாளி நெவேனாவின் மேசைப் பென்சிலை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மறு வாரமே அவள் புதுத் திட்டம் தொடங்கினாள். முதல் வரிசையில் வேலை எதுவும் இல்லை. வரிசையாகப் புனிதர்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். கூப்பிடாமல் வருகிறவருக்கும் ஒரு தட்டு எப்போதும் மிஞ்சட்டும். நீங்கள் ஒளித்து வைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கொண்டாட்டத்துக்கே செலவாகட்டும்.