அம்மாவின் காதுக்கு மட்டும்

மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் லண்டன் கம்பெனி ஒன்று கடை திறந்தது. உள்ளே போய் மைக் முன்னால் பேசினால் போதும், பேச்சு அப்படியே ஒரு தட்டில் பதிவாகிவிடும். கிராமபோனில் போட்டுக் கேட்கலாம். ஊரிலிருக்கும் சொந்தபந்தத்துக்குக் கம்பெனியே அதைக் கப்பலில் அனுப்பிவைக்கும். வாசலில் பெரிய போர்டு: "உங்கள் குரல் உங்கள் அம்மாவின் காதுக்கு மட்டும்." நம் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்!

காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டுச் சந்திரமதி அதை நம்பினாள். கல்யாணமாகி மலாக்கா வந்தவள், நாகப்பட்டினத்திலிருக்கும் அம்மாவைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. துணைக்கு நானும் போனேன். மைக்கைக் கண்டதும் கொஞ்சம் அழுதாள். அப்புறம் அம்மா எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அவங்க நல்லா இருக்காங்கம்மா. இருட்டோட கிளம்பிடுவாங்க. சோறு கட்டிக் கொடுத்துடுவேன். யாருகிட்டயும் அதிகம் பேச்சு வச்சுக்கமாட்டாங்க."

'அவங்க' என்றால் அவள் புருஷன் கலியாணசுந்தரம். ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. எந்தப் பொம்பளை புருஷன் பேரை வாயால் சொல்வாள்? நானே சொன்னதில்லை.

அப்போது மலாயாவில் அவசரகாலம். சுதந்திரம் வரும் வரும் என்று பேச்சு, ஆனால் வெள்ளைக்காரன் நாற்காலியை விடவில்லை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தாலும் ஜெயில்தான். அடுத்த வாரமே மாத்தா, அதாவது போலீஸ், ஜீப்பில் வந்து இறங்கி, கலியாணசுந்தரத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தட்டு கப்பலேறவே இல்லை, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது.

நானும் சந்திரமதியும் அங்கே ஓடினோம். ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். தமிழில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவராம்.

"இருட்டில் சோறு பெற்றுச் செல்லும் அந்த மனிதர் யார்? அவர் பெயரை நீ ஏன் மறைக்கிறாய்?" என்று சுத்தமான தமிழில் சந்திரமதியைக் கேட்டார். சொல்லாவிட்டால் புருஷனை நாடு கடத்திவிடுவாராம்.

"உள்ள வச்சிருக்கீங்களே, அவங்கதான் துரை."

"உன் கணவனும் அப்படித்தான் சொல்கிறான். பெயரைச் சொல்."

"யா அல்லாஹ்! அது அவ புருஷன்தான்யா! பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ற வழக்கம் எங்ககிட்ட இல்ல!" என்று நான் கத்தினேன். அவர் படித்த புத்தகத்தில் அந்தப் பாடம் இல்லைபோலும். என்னை வெளியே தள்ளச் சொன்னார்.

கதவோரம் நின்று கேட்டேன். சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கலியாணசுந்தரம்" என்றாள். ஏதோ கெட்ட வார்த்தை பேசியவள்போல் கூனிக் குறுகிப் போனாள். பேர் ஒத்துப்போனதும், சாயங்காலம் அவள் புருஷனை விட்டுவிட்டார்கள்.

நான் நேரே அந்தக் கடைக்குப் போனேன். கழுத்தில் டை கட்டிய ஏஜென்ட் அப்பாசாமி சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"ஏன்டா பாவி, அவ தட்டை ஏன்டா மாத்தாகிட்ட கொடுத்தே?"

"கம்பெனி எந்த நாட்டுல யாவாரம் பண்ணுதோ, அந்த நாட்டுச் சட்டப்படி நடக்கும்லா. கேட்டாங்க, கொடுத்தோம்."

"லண்டன்ல கேட்டாலும் கொடுப்பீங்களா?"

"ஐயோ, அங்க எப்படிக்கா? கோர்ட்டு, பேப்பர்னு நாறிப்போயிடுமே!" டையைச் சரிசெய்துகொண்டான். "வேணும்னா அவங்களுக்கு இன்னொரு தட்டு இனாமாப் போட்டுத் தர்றோம்."

மறுநாள் அந்த இனாம் தட்டுக்குச் சந்திரமதி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். மைக் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"துரை, வணக்கம். என் புருஷன் பேரு கலியாணசுந்தரம். இன்னைக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், தொட்டுக்கத் துவையல். வேற எதுவும் தெரியணும்னா வீட்டுக்கே வந்து கேளுங்க."

அப்பாசாமி பதறிப்போனான். "இது ஊருக்குப் போற தட்டுக்கா! இன்னும் பாதி இடம் கிடக்கு, அம்மாகிட்ட ஏதாச்சும் பேசுங்க."

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அப்பாசாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"துரை கேட்டுக்கிட்டு இருக்கும்போது எங்கம்மாகிட்ட என்னத்தடா பேசுறது?"